இ.டி.எஸ். சர்சார்ஜ்: கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். தூத்துக்குடியிலிருந்து ராட்டர்டாம் போகும் கன்டெய்னருக்கு ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பித் தரும் ஏஜென்ட்) தரும் பில்லில் 'இ.டி.எஸ். சர்சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை வருகிறது. 2026 பிறந்ததும் அது கூடிவிட்டது. இது அரசு வரியா? குறைக்க வழி உண்டா?

பதில்: உங்கள் மேல் எந்த அரசும் இதைப் போடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜனவரியில் பெரிய கப்பல்களைத் தன் கார்பன் சந்தைக்குள் (அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் இ.டி.எஸ்.) கொண்டுவந்தது. கப்பல் கக்கும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒரு அனுமதிச் சீட்டு வாங்கி ஒப்படைக்க வேண்டியது கப்பல் கம்பெனி. அந்தச் செலவைத்தான் உங்கள் பில்லில் ஏற்றுகிறார்கள். எவ்வளவு ஏற்றுவது என்பது அவர்கள் வைக்கும் விலை. ஆகவே தாராளமாகப் பேரம் பேசலாம்.

கூடியதற்குக் காரணம் இருக்கிறது. 2024 புகையில் 40 சதவீதத்துக்குச் சீட்டு போதும், 2025-க்கு 70, 2026 முதல் முழுசுக்கும். வெளிநாட்டிலிருந்து ஐரோப்பா வரும் பயணத்தில் பாதிப் புகைதான் கணக்கு. ஒரு டன் கப்பல் எண்ணெய் எரிந்தால் சுமார் 3.1 டன் கார்பன் டை ஆக்சைடு, பாதி 1.55. சீட்டு 70 யூரோ என்று வைத்தால், டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய 108 யூரோ. 2025 விகிதத்தில் இதுவே 76தான். உங்கள் பில் இதைவிட வேகமாக ஏறியிருந்தால் கணக்கைக் கேளுங்கள்.

சரக்கு கொழும்பில் கப்பல் மாறினால், தூத்துக்குடி–கொழும்பு ஃபீடருக்கு (பெரிய கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் சிறு கப்பல்) இந்தக் கணக்கே கிடையாது. நடுவில் வேறு துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கினால் அங்கிருந்துதான் கணக்கு தொடங்கும். இதை வைத்து யாரும் ஏய்க்கக் கூடாது என்று ஐரோப்பாவுக்குப் பக்கத்தில் உள்ள போர்ட் சயீத் கிழக்கு (எகிப்து), டாஞ்சர் மெட் (மொராக்கோ) இரண்டிலும் கன்டெய்னர் கப்பல்கள் சரக்கு மாற்ற நின்றால் அது கணக்கில் வராது என்று முன்கூட்டியே விலக்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்!

அப்புறம், எஃப்.ஓ.பி. ஆர்டர் (கப்பலில் ஏற்றும்வரைதான் உங்கள் செலவு) என்றால் கடல் வாடகையோடு இதுவும் பையர் தலையில். சி.ஐ.எஃப். (கடல் வாடகை, இன்சூரன்ஸ் சேர்ந்த விலை) என்றால் உங்களுடையது; விலை சொல்லும்போதே சேர்த்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்த 'ஆல்-இன்' ரேட் பேசியிருந்தால், தனியாக மறுபடி வருகிறதா என்று பாருங்கள். 2025-இல் வந்த 'ஃப்யூயல் இ.யூ.' எரிபொருள் விதிக்கும் சிலர் தனித் தொகை போடுகிறார்கள். அது வேறு சட்டம்; இரட்டை வசூல் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ஐ.நா.வின் கப்பல் போக்குவரத்து அமைப்பான ஐ.எம்.ஓ. கொண்டுவரப் பார்க்கும் உலகளாவிய கார்பன் கட்டணம் வேறு. அதை ஏற்பதா என்ற முடிவை 2025 அக்டோபரில் லண்டனில் ஓராண்டு தள்ளிவைத்தார்கள். அது நடைமுறைக்கு வரும்வரை அந்தப் பெயரில் பில் வந்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.