முதியோர் இல்லத்தில் நெபுலைசர் மாஸ்க்கை எப்படி வைத்திருக்க வேண்டும்?

சத்துவாச்சாரியில் ஓர் இல்லத்தில் இருக்கும் உங்கள் அப்பாவின் நெபுலைசர் (மருந்தை நுண்துளியாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் இயந்திரம்) மாஸ்க் எப்போதும் தலையணை மேலேயே கிடக்கிறது, கேட்டால் "அவர் மட்டும்தானே போடுகிறார்" என்கிறார்கள், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. காட்பாடிப் பக்கம் முதியோர் பராமரிப்பில் செவிலியராக இருக்கிறேன், அதனால் உறுதியாகவே சொல்கிறேன்.

அடுத்த முறை போகும்போது மருந்து ஊற்றும் கப்பைத் திருகித் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் சில சொட்டு மருந்து தேங்கியிருக்கும். அந்த ஈரத்தில்தான் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் பெருகுகின்றன. அடுத்த வேளை இயந்திரத்தைப் போட்டால் மருந்தோடு கிருமியும் நுண்துளியாகி நுரையீரலின் அடிவரை போய்விடும். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் வயதானவருக்கு அதிலிருந்து நிமோனியா வரலாம். அவருடைய மாஸ்க்தான் என்பதால் இந்த ஆபத்து குறைவதில்லை.

"மூடித்தானே வைக்கிறோம்" என்று சிலர் பாலிதீன் பையில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஈரத்தோடு கட்டினால் திறந்து போடுவதை விட அது மோசம். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் மிச்ச மருந்தைக் கொட்டிவிட்டு, கப்பையும் மாஸ்க்கையும் கழுவி, ஸ்டெரைல் வாட்டரிலோ (கிருமி நீக்கிய நீர்) கொதிக்க வைத்து ஆறிய நீரிலோ அலசி, சுத்தமான துண்டில் காற்றாட வைக்க வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகே பையில் போட வேண்டும். பையின் மேல் பெயரும் மாஸ்க்கை மாற்றிய தேதியும் எழுதியிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலை நம்பி மொட்டை மாடியில் காயவைக்க வேண்டாம், தூசிதான் ஒட்டும். இயந்திரத்தையும் கப்பையும் இணைக்கும் குழாயைத் தண்ணீரில் முக்கக் கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டால் காற்றே உலர்த்திவிடும்.

அப்பாவுக்கு ஆக்சிஜனும் கொடுக்கிறார்கள் என்றால் ஆக்சிஜனை ஈரப்படுத்த மாட்டியிருக்கும், குமிழி விடும் தண்ணீர் பாட்டிலைக் கட்டாயம் கவனியுங்கள். நம் உப்புத் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றினால் பாட்டிலில் வெள்ளை படியும், கிருமியும் சேரும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் குறைந்ததும் மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்பாமல், பழையதைக் கொட்டிக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள்.

கப்பும் மாஸ்க்கும் சேர்ந்த செட் மருந்துக் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது. இரண்டாவதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒன்று உலரும்போது மற்றொன்றைப் பயன்படுத்தலாம். காய நேரமில்லை என்று அவர்கள் சொல்லவும் முடியாது.