கைக்குழந்தையோடு சிறைக்குத் திரும்பியவர்

கேள்வி: அநியாயமான சட்டத்தை அமைதியாக மீறலாம் என்று எழுதுகிறீர்கள். நாளைக்கு ஹெல்மெட் போடாதவரும், வரி கட்டாதவரும் இதையே சொல்வார்களே? அமைதியாகச் செய்தால் தப்பு சரியாகிவிடுமா?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ஆகாது. அடிதடி இல்லாமல் மீறினால் மட்டும் போதாது. ஆனாலும் அநியாயச் சட்டத்தை மீறுவது நியாயம்தான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

உங்கள் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாள், 1927-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற, 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய வெள்ளைக்கார அதிகாரி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் மகள் அம்மாக்கண்ணுவோடு சிறைக்குப் போனார். பிறகு ஒரு முறை வேலூர்ச் சிறையில் இருந்தபோது வயிற்றில் பிள்ளை. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். ஆண் குழந்தை பிறந்தது. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மிச்சத் தண்டனையை அனுபவிக்கச் சிறைக்கே திரும்பினார். அந்தப் பிள்ளையை ‘ஜெயில் வீரன்’ என்றே ஊர் அழைத்தது.

முள்ளோடைப் பக்கம் போலீஸைக் கண்டதும் வண்டியைச் சந்துக்குள் திருப்புகிறவரை இவர் பக்கத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சட்டம் இருந்தால் என்ன, போனால் என்ன, தான் மாட்டாமல் இருந்தால் சரி என்பதுதான் அவர் கணக்கு. ரெண்டு கணக்கு நோட்டு எழுதி ஒன்றைப் பூட்டி வைக்கிற வியாபாரியும் அப்படித்தான்.

ஒளிந்து செய்ததெல்லாம் தப்பு என்றும் சொல்லமாட்டேன். 1930-ல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஒளித்துச் செய்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோறு கட்டியவர் வயிற்றுக்குப் போகவில்லை. பிடிபட்டால் ஜெயில் மட்டும் அவருக்கு. நான் பார்ப்பது இதைத்தான்: மீறுவதால் வரும் லாபம் யாருக்கு, கஷ்டம் யாருக்கு?

அது வெள்ளைக்காரன் சட்டம், இது நாம் ஓட்டுப் போட்டுச் செய்த சட்டம் என்பீர்கள். நல்ல வாதம். அதனால்தான் இன்று முதலில் மனு, கோர்ட், ஓட்டு. எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்காமல் மீறக் கூடாது. ஆனால் பெரும்பான்மை கை தூக்கிவிட்டது என்பதற்காக, கொஞ்சம் பேர் தலையில் மட்டும் விழுகிற அநியாயம் நியாயமாகிவிடாது. எல்லாக் கதவும் மூடியபின் அந்தக் கொஞ்சம் பேர் வெளிப்படையாக மீறி, தண்டனையையும் ஏற்றுக்கொண்டால், நான் அவர்கள் பக்கம்தான்.

அந்த நீல் சிலையை 1937-ல் ராஜாஜி அரசே அகற்றியது. அதே வருடம் அஞ்சலை அம்மாள் சென்னை சட்டசபை உறுப்பினரானார். பத்து வருடத்துக்கு முன் அவரைச் சிறைக்கு அனுப்பியது சிலையை அகற்றச் சொன்ன அந்தக் கோரிக்கைதான்.

ஹெல்மெட் விஷயத்துக்கு வருகிறேன். அது அநியாயம் என்று உண்மையாகவே நம்புகிறவர் சந்துக்குள் நுழையவேண்டாம். போலீஸ் முன்னால் வண்டியை நிறுத்தி, அபராதத்தைக் கட்டி, ரசீதோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காரட்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்பேன். கேட்டுவிட்டு, ஹெல்மெட் போடுங்கள் ஐயா என்றுதான் சொல்வேன்.