தலைவலிக்கு மனச்சோர்வு மாத்திரையா?

கேள்வி: பனியன் கம்பெனியில் தையல் வேலை. சாயங்காலமானால் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல் வலி. டாக்டர் இரவுக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதித் தந்தார். ஒரு வாரமாகியும் வலி குறையவில்லை. காலையில் மந்தம், வாய் உலர்கிறது. மருந்துக்கடையில் இது மனச்சோர்வு மாத்திரை என்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். ஆனால் இந்தக் குறைந்த அளவில், அடிக்கடி வரும் இறுக்கத் தலைவலியைத் தடுக்கத் தருகிறோம். வந்த வலியை உடனே அடக்காது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். படுக்கும் முன் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகப் போட்டால் காலை மந்தம் குறையும். மந்தம் தெளியாமல் மெஷினில் உட்கார வேண்டாம். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலோ, டிரமடால் என்ற வலி மாத்திரை, மனநல மாத்திரைகள் எடுத்தாலோ டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள்.

என் கவலை வேறு. இடையில் வலி மாத்திரை எத்தனை போடுகிறீர்கள்? மாதத்தில் பாராசிட்டமால் 15 நாளோ, காஃபீன் கலந்த கூட்டு வலி மாத்திரை 10 நாளோ என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால், அதுவே தலைவலியை வளர்க்கும். போட்ட நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மண்டையைப் பிளக்கும் வலியோ, பேச்சுக் குழறலோ வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.