அந்த உடையை யார் தைத்தது என்று பார்த்து எடுங்கள்

கேள்வி: "பேட்மேன்: இயர் ஒன் படித்து முடித்துவிட்டேன். அடுத்து எந்த சூப்பர் ஹீரோவின் தொடக்கக் கதையைப் படிக்கலாம்?"

டேர்டெவில்: யெல்லோ படியுங்கள். ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்தது. 2001-ல் ஆரம்பித்து 2002-ல் முடிந்த ஆறு இதழ்கள், ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது. முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

இதற்குள் உங்களிடம் நாலு பேர் நாற்பது புத்தகத்தை வரிசை போட்டுக் கொடுத்திருப்பார்கள். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல்தான் இங்கே கேட்டிருப்பீர்கள். நானும் அப்படி நின்றவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் தையல் வேலை செய்கிறேன். ராஜபாளையத்தில் வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு 22 வருடமாக பிளவுஸும் சுடிதாரும் தைக்கிறேன். தையல்கார அம்மாவுக்கு சூப்பர் ஹீரோ பற்றி என்ன தெரியும் என்று கேட்க ஆள் வரும் என்று தெரியும். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அண்ணன் வைத்திருந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்தபோது எனக்கு எட்டு வயது. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியுமே, அப்போது சட்டையும் பேன்ட்டும் எப்படிச் சேர்ந்து மறைகிறது என்று அண்ணனை நச்சரித்தேன். அவனிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்தக் காமிக்ஸை எடுத்தாலும் என் கண் முதலில் துணிக்குத்தான் போகும்.

நீங்கள் படித்த இயர் ஒன்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987-ல் வந்த அந்த நாலு இதழில், புரூஸ் வெய்ன் முதல் ராத்திரி வெளியே கிளம்பும்போது பேட்மேன் உடை கிடையாது. முகத்தில் பொய்த் தழும்பு ஒட்டிக்கொண்டு சாதாரண ஆளாகப் போகிறார். கத்திக்குத்து வாங்கி, போலீஸ் குண்டு வாங்கி, ரத்தம் ஒழுக வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் வௌவால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருகிறது. பயிற்சியெல்லாம் முடித்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தார். எதிராளி பார்த்தவுடனே நடுங்கும்படி ஓர் உருவம்தான் இல்லாமல் இருந்தது. ஆனால் அந்த உடை எப்படித் தயாரானது என்பதில் அந்தக் கதை நின்று பேசுவதில்லை. யெல்லோ பேசுகிறது.

டேர்டெவிலாக மாறும் மாட் மர்டாக் சின்ன வயதிலேயே பார்வை இழந்தவன். அப்பா ஜாக், வயது ஏறிக்கொண்டிருக்கும் குத்துச்சண்டை வீரர். பணத்துக்காகத் தோற்றுக் கொடுக்கச் சொல்லும் கூட்டத்திடம் மாட்டிக்கொள்கிறார். மகன் வந்திருக்கும் பந்தயத்தில் தோற்க மனசு வராமல் ஜெயித்துவிடுகிறார். சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அப்பா மேடைக்குப் போகும்போது போர்த்திக்கொள்ளும் மஞ்சள் அங்கியை எடுத்து, அதிலிருந்து தன் முதல் உடையைத் தைத்துக்கொள்கிறான் மாட். கதை முழுவதையும், இறந்துபோன தன் காதலி கேரன் பேஜுக்கு எழுதும் கடிதமாகத்தான் சொல்லிக்கொண்டு போகிறான்.

பார்வையில்லாதவன் எப்படித் தைப்பான் என்று என் மகன்கூடக் கேட்டான். கரண்ட் போன ராத்திரிகளில் துணியை விரலால் தடவியே நூலோட்டம் பார்த்து, ஹெம்மிங் முடித்துக் காலையில் கொடுத்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அந்தக் கதையிலேயே நம்பச் சுலபமான இடம் அதுதான்.

ஆனால் நான் அந்தப் புத்தகத்தைச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. என் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. 2009-ல் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவர் துணிமணி ஒன்றுகூட வீட்டில் இருக்கக்கூடாது என்று பெரியம்மா எல்லாவற்றையும் மூட்டை கட்டினார். மில்லுக்குப் போட்டுக்கொண்டு போகும் காக்கிச் சட்டை ஒன்றை மட்டும் எடுத்துத் துணி வெட்டும் பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். நாலு மாதம் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் பிளேடை எடுத்துக் காலரைப் பிரித்தேன். வெளியே சாயம் போய் மண் நிறமாகியிருந்த அதே காக்கி, உள்மடிப்பில் கடையில் கிழித்துக் கொடுத்த அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருந்தது. தோள் தையல் இடுக்கில் பஞ்சு. எத்தனை முறை துவைத்த சட்டை, ஆனாலும் போகவில்லை. அதை வைத்து என் மிஷினுக்கு உறை தைத்தேன். சட்டைப் பையை மட்டும் பிரிக்கவில்லை, அப்படியே மேல்பக்கம் வருகிற மாதிரி வைத்துவிட்டேன். மார்க்கிங் சாக்கும் இஞ்ச் டேப்பும் இன்றைக்கும் அந்தப் பைக்குள்தான் இருக்கின்றன.

பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "செத்த மனுஷன் சட்டையை வெட்டிட்டியேடி" என்றார். ஆறு மாதம் என் வீட்டுக்கு வரவில்லை. செய்தது தப்போ என்று எனக்கும் வெகுகாலம் உறுத்தல் இருந்தது.

2018-ல் மகன் புனேவில் வேலை கிடைத்துப் போனபோது ஒரு பெட்டி நிறைய காமிக்ஸை விட்டுவிட்டுப் போனான். மழைக்கு ஓதம் ஏறுகிறது என்று எடுத்து அடுக்கும்போது இயர் ஒன்னைத்தான் முதலில் படித்தேன். அடுத்து எது என்று அவனிடம் ஃபோனில் கேட்டேன். அவனும் வரிசைதான் சொன்னான். நான் நிறம் பார்த்து யெல்லோவை எடுத்தேன். என் ஆங்கிலம் பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற ஆங்கிலம். தெரியாத சொல்லை ஃபோனில் பார்த்துப் பார்த்து ஆறு இதழுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த அங்கி உடையாகிற இடம் வந்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு மிஷின் உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நியூயார்க்கில் ஹெல்ஸ் கிச்சன் என்ற பேட்டையில் ஒருவன் இதையேதான் செய்திருக்கிறான், அதற்காக அவனை யாரும் திட்டவில்லை.

படக்கதையில் வருவதை வாழ்க்கையோடு குழப்பிக்கொள்கிறாள் என்று யாராவது எழுதினால் எழுதட்டும். பெரியம்மாவுக்குக் கொடுக்க முடியாத பதிலை அந்தப் புத்தகம் எனக்குக் கொடுத்தது.

இயர் ஒன் எழுதிய ஃபிராங்க் மில்லரே டேர்டெவிலுக்கும் எழுதியிருக்கிறாரே, 1993-ல் ஜான் ரொமிட்டா ஜூனியர் வரைந்த மேன் வித்தவுட் ஃபியர், அதுதானே நியாயமான அடுத்த புத்தகம் என்று சொல்வார்கள். நல்ல புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இயர் ஒன்னின் இருட்டிலிருந்து நேராக இன்னொரு இருட்டுக்குப் போவீர்கள். மாட் கறுப்புத் துணியிலேயே சுற்றுவான், சிவப்பு உடை கடைசியில்தான் வரும். அதை யெல்லோவுக்கு அப்புறம் படியுங்கள்.

சூப்பர்மேன் பிடிக்கும் என்றால் ஜான் பைர்ன் 1986-ல் எழுதி வரைந்த மேன் ஆஃப் ஸ்டீல். அதுவும் ஆறு இதழ்தான். உடையைத் தைப்பது அம்மா மார்த்தா. பழைய கதைகளில் குழந்தை வந்த விண்கலத்தில் இருந்த போர்வைதான் துணி. கத்தரியால் வெட்ட முடியாத துணி என்பதால் நூலைப் பிரித்து எடுத்து, மகனின் கண் வெப்பத்தால் வெட்டித் தைப்பார். பைர்ன் அதை மாற்றி, சாதாரணத் துணியே போதும் என்று வைத்தார். உடம்பை ஒட்டியிருப்பதை அவன் சக்தியே காப்பாற்றும், தொங்கும் மேலங்கி மட்டும் கிழியும். உடை ஏன் அவ்வளவு இறுக்கம் என்பதற்கு எந்த டெய்லரும் ஒப்புக்கொள்ளும் காரணம் இது.

உங்களுக்குத் தங்கையோ மகளோ இருந்தால் 2014-ல் வந்த மிஸ் மார்வெல் முதல் தொகுப்பையும் வாங்குங்கள். ஜெர்சி சிட்டியில் இருக்கும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான், வீட்டில் கிடந்த புர்கினியை (உடம்பை முழுக்க மறைக்கும் நீச்சல் உடை) மாற்றித் தன் உடையாக்கிக்கொள்கிறாள். இருப்பதைப் பிரித்துத் தைப்பது எங்கள் தொழிலில் பாதி.

உடை பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாப் கேன் முதலில் வரைந்த பேட்மேனுக்குச் சிவப்பு உடை, விறைப்பான இறக்கை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி. காது வைத்த முகமூடி, தொங்கும் மேலங்கி, கையுறை, சாம்பல் நிறம் எல்லாம் கதை எழுதிய பில் ஃபிங்கர் சொன்ன யோசனை. 1939-ல் வந்த பாத்திரம் அது. ஃபிங்கர் 1974-ல் இறந்தார். பேட்மேனை உருவாக்கியவர் என்று அவர் பெயரும் முறையாக இடம்பெற்றது 2015-ல். கேன் பெயரோ முதலிலிருந்தே இருந்தது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு மூன்று வருடம் கல்யாண பிளவுஸ் தைத்துக் கொடுத்தேன். எனக்கு ஒரு பிளவுஸுக்கு 450 ரூபாய். அவர்கள் லேபிளை வைத்து 3,200-க்கு விற்றார்கள். ஒரு முகூர்த்தத்தில் மணப்பெண் என்னிடமே முதுகைத் திருப்பிக் காட்டி, "அக்கா, அந்தக் கடையில எடுத்தது, தையல் எப்படி இருக்கு பாருங்க" என்றாள். முதுகில் தொங்கிய குஞ்சம் நான் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து முடிச்சுப் போட்டது. கல்யாண நாளில் அந்தப் பெண்ணிடம் என்ன பேச முடியும்? நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மாதத்தோடு அந்தக் கடை வேலையை விட்டேன். இப்போது தைக்கிற ஒவ்வொரு பிளவுஸிலும் இடுப்புப் பட்டிக்கு உள்ளே என் பெயரின் முதல் எழுத்தைச் சின்னதாக நூலில் போட்டுவிடுகிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். யெல்லோவை முடித்ததும் 1964-ல் வந்த டேர்டெவில் முதல் இதழையும் ஒரு புரட்டு புரட்டுங்கள். ஆறு இதழ் வரைக்கும் மஞ்சள் உடை, ஏழாவதில் ஓவியர் வாலி வுட் அதைச் சிவப்பாக்கிவிட்டார். உங்களுக்கு எது பிடித்தது என்று இங்கே கீழே எழுதுங்கள். என் மகன் சிவப்பு என்கிறான்.