பணியிடத்தில் மீள்திறன் என்பது பொறுத்துப்போவதற்கு இன்னொரு பெயரா?

வேலையில் மீள்திறனை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னதாகவும், அதனால் உண்மையிலேயே பயன் உண்டா அல்லது “எது நடந்தாலும் வாயைத் திறக்காதே” என்பதையே நாகரிகமாகச் சொல்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு என்பது என் அனுபவம். உங்கள் சந்தேகமும் நியாயமானதே. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

கணக்குப் பிரிவில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மாதச் சம்பளக் கோப்பை வங்கியின் தளத்தில் ஏற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு மாதம், புதிய கோப்புக்குப் பதிலாக முந்தைய மாதக் கோப்பை ஏற்றி, ஒப்புதலும் வாங்கி அனுப்பிவிட்டேன். இரண்டு கோப்புகளின் பெயரிலும் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே வேறு. அந்த மாதம் சேர்ந்தவர்களுக்குச் சம்பளம் போகவில்லை. வேலையை விட்டுப்போன இருவருக்குப் போய்விட்டது. ஊதிய உயர்வு பெற்றவர்களுக்குப் பழைய தொகையே விழுந்திருந்தது. மறுநாள் காலை முதல் தொலைபேசி அழைப்பிலேயே என்ன நடந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஏறத்தாழ நாற்பது நிமிடம் யாரிடமும் சொல்லாமல், அதே திரையை மறுபடி மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கப் பார்க்க எண்கள் மாறிவிடும் என்பதைப் போல.

கடைசியில் மேலாளரிடம் போய் நின்றபோது அவர் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. “யாருக்கு எவ்வளவு போயிருக்க வேண்டும், எவ்வளவு போயிருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொண்டு வாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்” என்றார். மாலைக்குள் துணைக் கோப்பு ஒன்று தயாராகி, வர வேண்டியவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. பிழை ஒரே நாளில் சரியாயிற்று. நான் சரியாவதற்கோ ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் எந்தக் கோப்பையும் பத்துத் தடவை திறந்து பார்த்தேன், கூட்டங்களில் பேசுவதை நிறுத்தினேன், பக்கத்து மேசைக்காரர் இயல்பாகக் கேட்ட கேள்வியைக்கூடக் குத்தலாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாளுக்கும் ஆறு வாரத்துக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைக் குறைப்பதையே நான் மீள்திறன் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். அடி விழும்போது வலிக்காமல் இருப்பது அதன் பொருளன்று. அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு வேலையில் அக்கறை இல்லை என்றே நான் நினைப்பேன்.

இந்தத் தூரத்தை எது குறைக்கிறது என்பதற்கு உளவியலில் ஒரு நல்ல தடயம் உண்டு. 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மின்னதிர்ச்சியைத் தானே நிறுத்த முடிந்த நாய்கள், பின்னர் வேறொரு பெட்டியில் அதிர்ச்சி வந்தபோது தடுப்பைத் தாண்டித் தப்பித்தன. என்ன செய்தும் நிறுத்த முடியாமல் இருந்தவற்றில் பெரும்பாலானவை, தப்பிக்க வழியிருந்தும் அப்படியே கிடந்தன. உதவியற்ற நிலையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்பதே அன்றைய விளக்கம். அதே இருவரும் 2016-இல், மூளையைப் பற்றிய பிற்கால ஆய்வுகளின் அடிப்படையில் அந்த விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள்: நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது இயல்பாகவே நிகழ்வது, “இதில் என்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது” என்பதே கற்றுக்கொள்ளப்படுவது. நாற்பது நிமிடம் நான் ஏன் உறைந்து உட்கார்ந்திருந்தேன் என்பதும், இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்ன ஒரே வாக்கியம் என்னை ஏன் எழுப்பிவிட்டது என்பதும் இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கின. அவர் என் கையில் ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு நான் பழக்கப்படுத்திக்கொண்டவை மிகச் சாதாரணமானவை. ஏதாவது தவறிப்போனால் ஒரு தாளின் இடப்பக்கம் நடந்ததை மட்டும் எழுதுவேன். வலப்பக்கம் அதைப் பற்றி என் மனம் சொல்வதை எழுதுவேன். “தவறான கோப்பு போயிற்று” என்பது இடப்பக்கம். “இனி என்னை யாரும் நம்ப மாட்டார்கள்” என்பது வலப்பக்கம். வலப்பக்கம் எப்போதும் நீளமாக இருக்கும். இடப்பக்கத்து வரிகளுக்கு மட்டுமே செய்வதற்கு ஏதாவது இருக்கும். இன்னொன்று, பிழை தெரிந்தவுடன், தீர்வு கிடைக்கும்வரை காத்திராமல், உரியவரிடம் சொல்லிவிடுவது. தூக்கம், நடை, வேலை முடிந்தபின் அலுவலக மின்னஞ்சலைத் திறக்காமல் இருப்பது ஆகியவற்றை எல்லோரும் சொல்வார்கள். அவை பயன்படும், எனக்கும் பயன்பட்டன.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். பள்ளி இயற்பியலில் மீட்சி எல்லை என்று ஒன்றைப் படித்திருப்போம்: அந்த எல்லைக்குள் இழுத்துவிட்ட சுருள்வில் பழைய நிலைக்குத் திரும்பும், தாண்டிவிட்டால் திரும்பாது. மீள்திறன் வகுப்பு எடுப்பவர்களில் பலர் வில்லைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள், தொங்கவிட்ட எடையைப் பற்றிப் பேசுவதில்லை. வேலைப்பளு அதிகமாக இருப்பதோடு, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் குறைவாக இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் மிகுகிறது என்பதைப் பணியிட அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல், பணிச்சோர்வு என்பதைச் சரியாகக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், திறன் குறைதல் ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாகக் குறிப்பிட்டது. அதை நோய் என்று வகைப்படுத்தாமல் தொழில் சார்ந்த நிலை என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும்.

எனக்கு இதுவும் நேர்ந்தது. பின்னர் சேர்ந்த ஓரிடத்தில் மூன்று பேர் பார்த்த வேலை என்னிடம் வந்தது. காலக்கெடுவை வேறொருவர் குறித்தார், முன்னுரிமையை இன்னொருவர் மாற்றிக்கொண்டே இருந்தார். தாளை எடுத்து எழுதினால் இடப்பக்கத்திலேயே நான் செய்யக்கூடியது எதுவும் மிஞ்சவில்லை. ஆள் கேட்டேன், கெடு நீட்டிப்புக் கேட்டேன், எழுத்தாகவும் கொடுத்தேன். “நீங்கள் இன்னும் கொஞ்சம் மனவலிமையை வளர்த்துக்கொள்ள வேண்டும்” என்று பதில் வந்தது. பதினோரு மாதத்தில் விலகினேன். இன்னும் முன்னதாகவே விலகியிருக்கலாம்.

ஆகவே உங்கள் இடம் எத்தகையது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு மாதம் அந்தத் தாளை எழுதிப் பாருங்கள். இடப்பக்கத்தில் உங்களால் மாற்றக்கூடியவை தொடர்ந்து இருந்தால், வகுப்பில் சொன்னது உங்களுக்கு உதவும். மேலே உள்ளவர்கள் மாற்ற வேண்டியவையே நிரம்பியிருந்தால், அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் பேசுங்கள். கிடைக்கும் பதிலைப் பார்த்து மேற்கொண்டு முடிவெடுக்கலாம்.

இப்போதும் பிழை செய்கிறேன். சென்ற ஆண்டு ஒரு வரிப் பிடித்தக் கணக்கில் சதவீதத்தைத் தவறாகப் போட்டுவிட்டேன். வயிறு அதே மாதிரிதான் கலங்கியது. ஐந்து நிமிடத்தில் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் கூட்டத்தில் வழக்கம்போலப் பேசினேன்.