வெக்ஸ், பொலிஷ், சீலன்ட்: திருகோணமலை வெயிலுக்கு எது நின்று பிடிக்கும்?

கார் மினுக்கும் வேலை எனக்குத் தெரியும் என்பதால் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. பழைய காரை வைத்துக்கொண்டு இன்னும் பல வருசம் ஓட வேண்டியவர்கள்தான் நம்மில் அதிகம். அந்தக் காரின் பெயின்ட் தப்ப வேண்டும் என்பதே என் கவலை.

கேள்வி (உவர்மலை): அண்ணா, என்னட்ட கறுப்பு அக்ஸியோ இருக்கு. கடையில பொலிஷ் எண்டு ஒண்டு, வெக்ஸ் எண்டு ஒண்டு, ரெண்டும் சேர்ந்தது எண்டு இன்னொண்டு. எதைப் பூசினா கூட மினுங்கும்?

பதில்: தம்பி, இவை செய்கிற வேலை வேறு வேறு. பொலிஷுக்குள் அலுமினியம் ஒக்சைட் மாதிரியான மிக நுண்ணிய அராவும் தூள் இருக்கிறது. அது பெயின்டின் மேல் தோலைக் கொஞ்சம் தேய்த்து எடுத்து மட்டமாக்கும். வெக்ஸ் எதையும் எடுக்காது. மேலே மெல்லிய படலமாக உட்கார்ந்து தண்ணீரையும் அழுக்கையும் தள்ளி வைக்கும்.

உங்கள் காரை வெயிலில் நிறுத்தி பொனட்டைப் பாருங்கள். வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது என்று அர்த்தம். கறுப்பு சாம்பலாகத் தெரிவது அதனால்தான். அதன் மேல் என்ன விலை வெக்ஸ் பூசினாலும் கீறல் கீறலாகவே இருக்கும். மட்டமான பெயின்ட்தான் மினுங்கும். அந்த மட்டத்தைப் பொலிஷ் தரும், வெக்ஸ் காத்து வைக்கும்.

ஆனால் இதையும் கேளுங்கள். நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கிறது. பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன், தலைமுடியை விட மெல்லியது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதற்குள்தான். கிளியர் கோட் வங்கியில் போட்ட காசு மாதிரி, ஒவ்வொரு பொலிஷும் அதிலிருந்து எடுக்கிற காசு, திரும்ப வைப்பதற்கு வழி கிடையாது. சித்திரை வருசத்துக்கு ஒருக்கா, தீபாவளிக்கு ஒருக்கா கட் அண்ட் பொலிஷ் செய்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். கூரையிலும் பொனட்டிலும் வெள்ளையாகத் தோல் உரிகிற கார்களைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைக்கு வந்த பெயின்டைப் பொலிஷால் மீட்க முடியாது, திரும்பப் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும்.

ஆகவே ஒரு தடவை ஒழுங்காகப் பொலிஷ் செய்யுங்கள். பிறகு வெக்ஸாலோ, வெக்ஸ் மாதிரியே மேலே படலமாக உட்காருகிற செயற்கைப் பூச்சான சீலன்டாலோ காப்பாற்றுங்கள். இரண்டும் சேர்ந்தது என்கிற போத்தலிலும் அராவும் தூள் உண்டு. அவசரத்துக்குப் பரவாயில்லை, மாதம் தவறாமல் போடக்கூடாது.

கேள்வி (நிலாவெளி): ஹோட்டல் வான் ஓட்டுறன். கடற்கரையிலதான் நிப்பாட்டுறது. கர்னோபா நல்லதா, சீலன்ட் நல்லதா, செராமிக் நல்லதா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினம்.

பதில்: கர்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளர்கிற ஒரு பனை இனத்தின் ஓலையில் கிடைக்கிற மெழுகு. வறண்ட காலத்தில் இலையின் ஈரம் போகாமல் இருக்க அந்த மரம் தானாகச் சுரப்பது. தனியே எடுத்தால் கல்லுப் போல இறுக்கம், உருக 82 முதல் 86 பாகை செல்சியஸ் வேண்டும். அதனால் கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகுகளும் கலந்து மென்மையாக்கித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். 'நூறு வீதம் கர்னோபா' என்று எழுதியிருந்தால் அது அந்த மெழுகின் தரத்தைப் பற்றிய பேச்சு, டப்பா முழுவதும் அதுதான் என்று எடுக்காதீர்கள்.

அழகுக்கு மட்டும் என்று கேட்டால், கறுப்பிலும் கடும் சிவப்பிலும் கர்னோபா தருகிற ஆழம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியில் நிற்கிற வானில் அது ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் பெரிய விசயம்.

சீலன்ட் ஆய்வுகூடத்தில் செய்த பொலிமர். மினுக்கம் கண்ணாடித் தன்மையானது, வெள்ளை, சில்வர் வாகனங்களுக்கு நன்றாகப் பொருந்தும். வெப்பத்துக்கும் சவர்க்காரத்துக்கும் கர்னோபாவை விட நின்று பிடிக்கும். டப்பாவில் ஆறு மாதம் என்று இருந்தால் உங்கள் இடத்துக்கு மூன்று மாதம் என்று கணக்குப் போடுங்கள்.

பெயர் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்கிறேன். மெகுவாயர்ஸ் கோல்ட் கிளாஸ் கர்னோபாவும் பொலிமரும் கலந்தது, கையால் பூசவும் துடைக்கவும் சுகம். கொலினைட் 476 பூசக் கொஞ்சம் பாடு, ஆனால் நீடிக்கும். சொஃப்ட்99 ஃபுஸோ கோட் ஜப்பான் தயாரிப்பு, கடும் நிறத்துக்கு ஒன்று, வெளிர் நிறத்துக்கு ஒன்று என்று வரும், பன்னிரண்டு மாதம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். மணத்தில் கர்னோபா மாதிரி இனிமையாக இராது, வேலையில் குறையில்லை. உங்கள் வானுக்கு இந்தக் கடைசி வகையைத்தான் சொல்வேன்.

செராமிக் கோட்டிங் என்பது பெயின்டோடு ஒட்டி இறுகிவிடுகிற திரவப் பூச்சு, வருசக் கணக்கில் நிற்கும். ஆனால் அடியில் இருக்கிற ஒவ்வொரு கீறலையும் அப்படியே பூட்டி வைத்துவிடும். முதலில் முழுப் பொலிஷ் வேலை செய்யாமல் பூசுகிற இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 9 எச் என்று விளம்பரத்தில் வருவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற அளவுகோல். தெறிக்கிற கல்லையும் மணல் ஒட்டிய துணியையும் அது தடுக்காது.

காலத்தையும் பாருங்கள். மாரியில் வாடை கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும். கச்சான் தரையிலிருந்து சூட்டையும் புழுதியையும் கொண்டுவரும். ஐப்பசி மழை இறுகுவதற்கு முன் ஒரு பூச்சு, மாசி கழிந்ததும் காரை நன்றாகக் கழுவி இன்னொன்று, ஆனி ஆடியில் மூன்றாவது. உப்பு பெயின்டைத் தின்பதை விட, கல் பட்டுத் தெறித்த இடத்தில் இரும்பைத்தான் தின்னும். அந்தப் புள்ளிகளுக்கு வெக்ஸ் பதில் ஆகாது. டச்அப் பெயின்ட் வைத்து மூடுங்கள். சில்லுக்கு உள்பக்கத்தையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள்.

கேள்வி (சீனக்குடா): வெள்ளை வெள்ளையாப் புள்ளி, சீமெந்துத் தூள் மாதிரி. கழுவினா போகுதில்ல. கை வச்சா சொரசொரப்பு.

பதில்: தேய்க்க வேண்டாம், கீறிவிடும். சீமெந்துத் தூள் இரவுப் பனியில் நனைந்து அங்கேயே இறுகிவிடுகிறது. அது காரத்தன்மை உடையது, ஆகவே வினாகிரியைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியை நனைத்து அந்த இடத்தில் சில நிமிடம் போட்டு வையுங்கள். நிழலில் செய்யுங்கள், காய விடாதீர்கள். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மிச்சத்துக்குக் கார் கடையில் விற்கிற கிளே கட்டி. சவர்க்காரத் தண்ணீரை வழுக்கலாக விட்டு, அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்தால் ஒட்டியிருப்பதை அது பிடுங்கி எடுக்கும். கீழே விழுந்த கிளேயைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.

முடிந்ததா என்று பார்க்கக் கையை ஒரு சொப்பிங் பையினுள் விட்டுத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். இது முடிந்த பிறகுதான் வெக்ஸ்.

கேள்வி (கிண்ணியா): வாப்பாட சிவப்பு மொரிஸ் மைனர். பொலிஷ் போட்டா துணியில சிவப்பு வருது. பெயின்ட் கழருதா?

பதில்: பயப்படாதீங்க நானா. மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை செய்த கார், அந்தக் காலத்துப் பெயின்டில் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல் தோல். துணியில் வருவது வெயிலில் செத்துச் சுண்ணாம்பாகிப்போன நிறம், அது போக வேண்டியதுதான். இடையில் திரும்பப் பெயின்ட் அடித்திருந்தாலும், துணியில் நிறம் வந்தால் மேலே கிளியர் இல்லை என்றே அர்த்தம். மெஷின் வேண்டாம். அராவல் மிகக் குறைந்த பொலிஷால் கையாலேயே ஒவ்வொரு பகுதியாகச் செய்யுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள். விளிம்புகளில் கை மெதுவாகப் போகட்டும், அங்கே பெயின்ட் மெல்லியது. அடியில் உயிருள்ள சிவப்பு வந்ததும் நிறுத்திவிட்டுக் கர்னோபா பூசுங்கள். கர்னோபா இப்படியான பழைய சிவப்பில்தான் தன் முழு அழகைக் காட்டும். வாப்பாவின் கார் நிழலில் நிற்கிறதென்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு பூச்சுப் போதும்.

கேள்வி (அலஸ்தோட்டம்): கிணத்துத் தண்ணியில கழுவினா வட்டம் வட்டமாக் கறை.

பதில்: நம்முடைய கரையோரக் கிணறுகளில் சுண்ணமும் உவரும் கூட. தண்ணீர் காய்ந்து போக, அவை பெயின்டில் தங்கிவிடுகின்றன. காலை எட்டு மணிக்கு முன்னம், அல்லது வெயில் சாய்ந்த பிறகு கழுவுங்கள். தானாகக் காய விடாமல் துவாயால் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே இருக்கிற கறைக்கு மேலே சொன்ன வினாகிரி.

கேள்வி (பாலையூற்று): முன்கதவு இடிபட்டு டிங்கர் வேலை செய்து போன கிழமைதான் பெயின்ட் அடிச்சது. இப்பவே வெக்ஸ் பூசட்டா அண்ணா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. புதுப் பெயின்டிலிருந்து கரைப்பான் வெளியேற இடம் வேண்டும். சூட்டறையில் உலர்த்தாத வேலை என்றால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். அதுவரை வெறும் தண்ணீராலும் மெல்லிய ஷாம்புவாலும் கழுவினால் போதும்.

கேள்வி (சாம்பல்தீவு): எங்கட ஐயா மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைப்பார். நல்லா மினுங்குதே?

பதில்: மினுங்குவது மேலே நிற்கிற எண்ணெய்ப் படலம். மண்ணெண்ணெய் தாரைக் கழற்றும், உண்மை. ஆனால் இருக்கிற வெக்ஸையும் கழற்றிவிடும். மிஞ்சிய எண்ணெயில் புழுதி ஒட்டும். அடுத்த நாள் அதே புழுதியைத் துணியால் இழுக்கும்போது கீறுகிறது. தார் பட்ட இடத்துக்கு மட்டும் துளி வைத்துத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவுகிற திரவமும் வெக்ஸுக்கு எதிரிதான்.

கேள்வி (மூதூர்): மெஷின் வாங்கலாம் எண்டு யோசிக்கிறன். சுத்துற வகையா, ஆடுற வகையா?

பதில்: ஆடிச் சுழல்கிற வகை. ஒரே இடத்தில் சுழல்கிற மெஷின் ஓரிடத்தில் நின்றால் சூட்டில் பெயின்டைக் கருக்கிவிடும், அது கைபழகியவர்களுக்கு. விளிம்புகளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் டேப் ஒட்டுங்கள். மிக மென்மையான பொலிஷும் மென்மையான ஃபோம் பேட்டும் வைத்து ஒரு சாண் இடத்தில் முதலில் பாருங்கள். அது போதுமென்றால் கடுமையானதற்குப் போகாதீர்கள்.

கேள்வி (லிங்கநகர்): காசு கொஞ்சம்தான். ஒண்டே ஒண்டு வாங்கினா என்ன வாங்க?

பதில்: ஒரு சீலன்ட் டப்பா. கூடவே மைக்ரோபைபர் துணி நாலைந்து எடுங்கள், பழைய பனியன் துணியும் வீட்டுப் பஞ்சும் வேண்டாம். முதலில் தண்ணீரை அடித்து மணலைக் கழுவிவிடுங்கள். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொரு வாளியில் துணி அலசுகிற தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள்.

சீலன்டை நிழலில், பொனட் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது பூசுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு போதும். தடிப்பாகப் பூசினால் மினுக்கம் கூடாது, துடைப்பதுதான் கஷ்டம். சிறிது நேரத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு அப்பாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். அப்பினால் இன்னும் சில நிமிடம். துடைத்த பிறகு அன்று இரவு மழையும் பனியும் படாமல் உள்ளே விடுங்கள்.