பிரான்சின் பழங்கால மக்களைக் குறிக்கும் 'கோல்வா' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

இன்றைய பிரான்ஸ் பகுதியில் ரோமானியர் வருவதற்கு முன்பே வாழ்ந்த கெல்டிய மக்களைத்தான் பிரெஞ்சில் 'கோல்வா' என்கிறார்கள். அவர்கள் நாடு 'கோல்'.

பிரெஞ்சு படிக்க ஆரம்பித்த புதிதில் நானும் இந்தப் பெயர், கோல் நாட்டை லத்தீனில் குறிக்கும் 'கல்லியா'விலிருந்து வந்தது என்றே நினைத்திருந்தேன். லத்தீனில் 'கல்லுஸ்' என்றால் கோல் நாட்டான், சேவல் இரண்டும்தான். பிரெஞ்சுக் கால்பந்து அணியின் சட்டையில் சேவல் நிற்பது இந்தச் சிலேடையால். அப்புறம் என்ன சந்தேகம்?

சந்தேகம் ஒலியில் இருக்கிறது. லத்தீனில் 'க' (ga) என்று அழுத்தித் தொடங்கும் சொற்கள் பிரெஞ்சுக்கு வரும்போது 'ஜ' ஆகிவிடும். 'காம்பா' (கால்) 'ஜாம்ப்' ஆனது. 'கால்பினுஸ்' 'ஜோன்' (மஞ்சள்) ஆனது. அந்தக் கணக்கில் 'கல்லியா'வும் 'ஜ'வில் அல்லவா தொடங்க வேண்டும்?

மறுபக்கம், ஜெர்மானிய மொழிகளின் 'வ' (w) பிரெஞ்சில் 'க' (g) ஆகும். வில்ஹெல்ம் என்ற பெயர் கியோம் ஆனது, வால்டர் கோத்தியே ஆனது. இந்த வழியில் பின்னோக்கிப் போனால் 'கோல்' போய் நிற்கும் இடம் 'வால்ஹா' என்ற ஜெர்மானியச் சொல். பெரும்பாலான சொல்லாய்வாளர்கள் சொல்வதும் இதுதான். ஜெர்மானியர் தங்கள் பக்கத்தில் இருந்த 'வோல்கே' என்ற கெல்டியக் கூட்டத்தை முதலில் இப்படி அழைத்தார்கள். பிறகு கெல்டியர், ரோமானியர் என்று வேற்று மொழி பேசிய எல்லோரும் 'வால்ஹா' ஆனார்கள். சுருக்கமாக, அந்நியன். வேல்ஸ், பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா எல்லாம் இதே வேர்தான்.

ஆக, பிரெஞ்சுக்காரர்கள் 'எங்கள் மூதாதையர்' என்று பெருமையாகச் சொல்லும் பெயர் பக்கத்து வீட்டுக்காரன் வைத்தது. 'பிரான்ஸ்' என்ற பெயரே ஃபிராங்க் என்ற ஜெர்மானியரிடமிருந்து வந்ததுதானே!

சரி, அந்த மக்கள் தங்களை என்ன சொல்லிக்கொண்டார்கள்? ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்பின் தொடக்கத்திலேயே எழுதுகிறார்: அவர்கள் மொழியில் கெல்டே, நம் மொழியில் (அதாவது லத்தீனில்) கல்லி. கிரேக்கர்கள் 'கலாத்தை' என்றும் சொன்னார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இவர்களில் ஒரு கூட்டம் இன்றைய துருக்கியில் குடியேறியது. அந்தப் பகுதிதான் பைபிளில் பவுல் நிருபம் எழுதிய கலாத்தியா.

ஒரு எச்சரிக்கை. 'கோல்வா நகைச்சுவை' என்றால் பழங்கால நகைச்சுவை என்று நினைத்து, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று வகுப்பில் சொல்லிவைத்தேன். ஆசிரியை சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது. அது பச்சையான ஜோக்குக்குப் பெயராம்.